இன்டர்னல் லோட் பேலன்ஸர் டெராஃபார்ம்ல இருக்கு, ஒரு போர்ட் சேர்த்தா ஐபியே மாறுது, நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

டெராஃபார்ம்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். கூகுள் கிளவுட்ல ஒரு செட்டப், முழுசா டெராஃபார்ம்லதான் (கிளவுட் செட்டப்பைக் கோடா எழுதுற கருவி) எழுதி வச்சிருக்கோம். முன்னாடி வெப் விஎம்கள் (வர்ச்சுவல் மெஷின்), பின்னாடி ஒரு இன்டர்னல் ஏபிஐ ஓடுற விஎம்கள், நடுவுல, வர்ற ரிக்வெஸ்டை அந்த விஎம்களுக்குப் பிரிச்சுக் குடுக்க ஒரு இன்டர்னல் லோட் பேலன்ஸர். டிசிபி பாஸ்த்ரூ வகை (பாக்கெட்டை மாத்தாம அப்படியே விடுறது), விபிசிக்குள்ள, அதாவது எங்க தனி நெட்வொர்க்குக்குள்ள மட்டும்தான் தெரியும், வெளிய இருந்து யாரும் வர முடியாது. ஹெல்த் செக் (விஎம் நல்லா இருக்கான்னு பார்க்கிறது), ரீஜனல் பேக்கெண்ட் சர்வீஸ் (எந்த விஎம்களுக்குப் பிரிக்கணும்ங்கிறது), ஃபார்வர்டிங் ரூல் (எந்த ஐபி, எந்த போர்ட்ங்கிறது), ரெண்டு ஃபயர்வால் ரூல், அவ்ளோதான் கோட்.

இப்ப பிரச்சனை என்னன்னா, ஏபிஐக்கு மெட்ரிக்ஸ் எடுக்க இன்னொரு போர்ட் வேணும்னு ஃபார்வர்டிங் ரூல்ல போர்ட் லிஸ்ட்ல ஒண்ணு சேர்த்தேன், பிளான் (என்ன மாறும்னு முன்கூட்டியே காட்டுறது) போட்டா "மஸ்ட் பி ரீப்ளேஸ்டு", அழிச்சுட்டு புதுசா போடணும்னு வருது, சரி ஸ்டேஜிங்தானேன்னு, சோதனைக்கு வச்சிருக்கிறதுதானேன்னு அப்ளை குடுத்தா ஃபார்வர்டிங் ரூல் போய் புதுசா வந்து ஐபியும் மாறிடுச்சு. வெப் விஎம்கள்ல பழைய ஐபிதான் கான்ஃபிக்ல இருக்கு, அத்தனையும் டைம்அவுட்.

ரெண்டாவது, பேர் வைக்கிற முறையை மாத்தச் சொன்னாங்கன்னு ஹெல்த் செக்கோட பேரை மட்டும் மாத்தினா, இது வேற ரிசோர்ஸால பயன்படுத்தப்படுது அழிக்க முடியாதுன்னு அப்ளை பாதியில நின்னுடுது.

மூணாவதுதான் எனக்குப் புரியவே இல்ல. ஏபிஐ விஎம் ஒண்ணுல ஒரு கிரான் ஜாப் (நேரம் வச்சு தானா ஓடுற வேலை) இருக்கு, அது லோட் பேலன்ஸர் ஐபியைத்தான் கூப்பிடுது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதே விஎம்தான் பதில் சொல்லுது, அந்த விஎம்ல சர்வீஸை நிறுத்திட்டுப் பார்த்தா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு! மத்த விஎம்கள் நல்லாதான் இருக்கு, அங்க போகவே மாட்டேங்குது. லோட் பேலன்ஸர்ன்னா இதுதானே பண்ணணும்?

டீம்ல ஒருத்தர் லோட் பேலன்ஸரை டெராஃபார்ம்ல இருந்தே எடுத்துட்டு ஷெல் ஸ்கிரிப்ட்ல ஜிகிளவுட் (கூகுள் கிளவுடோட கமாண்ட் லைன் கருவி) கமாண்டா எழுதிடலாம், நம்ம கண்ட்ரோல்ல இருக்கும்ங்கிறார். எனக்கு அது பிடிக்கல, ஆனா எதிர்த்துச் சொல்ல கையில ஒண்ணும் இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

கேபிள்பூச்சி

தம்பி, ஸ்கிரிப்ட்ல எழுதினாலும் இதேதான் நடக்கும். போர்ட் லிஸ்டை இருக்கிற ஃபார்வர்டிங் ரூல்ல வச்சு மாத்த முடியாது, அழிச்சுட்டு புதுசா போடணும், அதனாலதான் டெராஃபார்மும் ரீப்ளேஸ்ங்குது. ஸ்கிரிப்ட் எழுதுறவர் அதையே கையால பண்ணுவார், என்ன ஒண்ணு, பிளான்னு முன்கூட்டியே சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

உங்க கோட்ல ஐபிக்குன்னு தனி ரிசோர்ஸ் இல்லன்னு நினைக்கிறேன். ஃபார்வர்டிங் ரூல்ல ஐபியே குடுக்காம விட்டா சப்நெட்ல காலியா இருக்கிற ஏதோ ஒண்ணை கூகுள் எடுத்துக் குடுத்துடும், ரூல் அழிஞ்சா அந்த ஐபியும் கூடவே போயிடும். கம்ப்யூட் அட்ரஸ்னு ஒரு ரிசோர்ஸ் இருக்குல்ல, அட்ரஸ் டைப்பை இன்டர்னல்னு குடுத்து சப்நெட்டைச் சொல்லி முதல்ல ரிசர்வ் பண்ணிடுங்க, ஃபார்வர்டிங் ரூல் அதைச் சுட்டட்டும். அப்புறம் ரூலை எத்தனை தடவை அழிச்சு எழுப்பினாலும் ஐபி அசையாது. என்னைக் கேட்டா இந்த மொத்தச் சங்கிலியில உயிரா காப்பாத்த வேண்டியது அந்த ஐபி ஒண்ணைத்தான். ஹெல்த் செக், பேக்கெண்ட் சர்வீஸ், ரூல் எல்லாம் வரும் போகும், கிளையன்ட் பக்கம் தெரியுறது ஐபி மட்டும்தான்.

ப்ரொடக்‌ஷன்ல ஏற்கனவே ஓடிட்டு இருக்குன்னா பயப்படாதீங்க, இப்ப பயன்பாட்டுல இருக்கிற ஐபியையே ரிசர்வ் பண்ணிக்கலாம். அட்ரஸ் ரிசோர்ஸ்ல இப்ப இருக்கிற ஐபியை அப்படியே நம்பரா எழுதி, அதை மட்டும் முதல்ல அப்ளை பண்ணுங்க. அது முடிஞ்சப்புறம் ஃபார்வர்டிங் ரூல்ல அந்த ரிசோர்ஸோட அட்ரஸ் மதிப்பைக் குடுங்க, செல்ஃப் லிங்க்கை (ரிசோர்ஸோட யூஆர்எல்) இல்ல. ரெண்டையும் ஒரே அப்ளைல போட்டு செல்ஃப் லிங்க்கைக் குடுத்தா பிளான் போடுற நேரத்துல மதிப்பு தெரியாது, தெரியலன்னா டெராஃபார்ம் அதையும் ரீப்ளேஸ்னு காட்டும், எதுக்காக ஆரம்பிச்சோமோ அதுவே நடந்துடும். ரெண்டாவது பிளான்ல ஃபார்வர்டிங் ரூல் பேரே வரக்கூடாது. வந்தா அப்ளை குடுக்காம இங்க வந்து சொல்லுங்க.

இன்னொண்ணு, போர்ட்டுன்னு தனித்தனியா எழுதினா ஒரு ரூலுக்கு 5 வரைக்கும்தான். அதுக்கு மேல வேணும்னா ஆல் போர்ட்ஸ்னு குடுத்துடலாம், குடுத்தா இனி போர்ட் சேர்க்கிறதுக்காக ரூலைத் தொடவே வேண்டாம், எது உள்ள வரலாம்னு ஃபயர்வால்ல பார்த்துக்கலாம். சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு பிடிக்கும். ஆனா அதுக்கு மாறுறதும் ஒரு தடவை ரீப்ளேஸ்தான், ஐபியை ரிசர்வ் பண்ணிட்டு மாறுங்க.

---

ஸ்டேட்ஃபைல்

மேல அண்ணன் சொன்னது சரி. ஹெல்த் செக் விஷயத்தை நான் சொல்றேன்.

பேர் மாத்தினா அது டெராஃபார்ம் கண்ணுக்கு வேற ஆள். சாதாரணமா அது பழசை முதல்ல அழிக்கும், அப்புறம் புதுசை உருவாக்கும், அதுக்கப்புறம்தான் பேக்கெண்ட் சர்வீஸ்ல புதுசைக் கோக்கும். பேக்கெண்ட் சர்வீஸ் இன்னும் பழசைப் பிடிச்சுட்டு நிக்கிறப்போ கூகுள் எப்படி அழிக்க விடும், அதான் எரர். லைஃப்சைக்கிள் பிளாக்ல கிரியேட் பிஃபோர் டெஸ்ட்ராய் ட்ரூன்னு போடுங்க, வரிசை தலைகீழா மாறிடும், புதுசு வரும், பேக்கெண்ட் சர்வீஸ் இருந்த இடத்துலயே அப்டேட் ஆகும், கடைசியா பழசு போகும்.

ஆனா அதுல ஒரு கொக்கி இருக்கு. கொஞ்ச நேரம் பழசும் புதுசும் ரெண்டும் சேர்ந்து இருக்கும், ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்க முடியாது. நீங்க பேரையே மாத்துறதால இந்தத் தடவை தப்பிச்சீங்க. நாளைக்கு வேற ஏதோ காரணத்துக்கு ரீப்ளேஸ் வந்து பேர் அதேதான்னா ஏற்கனவே இருக்குன்னு 409 வரும். அதனால பேரோட வால்ல ஒரு சின்ன ராண்டம் ஐடி ஒட்டி, எது மாறினா ரீப்ளேஸ் ஆகுமோ அதையே அந்த ராண்டம் ஐடிக்கு கீப்பரா (அது மாறினா ஐடியும் மாறும்) குடுத்துடுங்க. பார்க்க அழகா இருக்காது, பேர் வைக்கிற முறை எழுதினவர் முகம் சுளிப்பார், பரவால்ல.

இதை விட முக்கியமான விஷயம் ஸ்டேட்டைப் (எதையெல்லாம் உருவாக்கியிருக்குன்னு டெராஃபார்ம் வச்சிருக்கிற பதிவு) பிரிக்கிறது. எல்லாத்தையும் ஒரே ஸ்டேட்ல போட்டு வச்சா ஏபிஐ டீம் ஒரு விஎம் சைஸை மாத்த பிளான் போடும்போது ரிசர்வ் பண்ண ஐபியும் ஃபயர்வாலும் அதே பிளான்ல உக்காந்திருக்கும். நான் பண்றது, விபிசி, சப்நெட், ரிசர்வ் பண்ண ஐபி, பிரைவேட் டிஎன்எஸ் ரெக்கார்ட் (உள்ள பயன்படுத்துற பேருக்கு ஐபி சொல்றது) எல்லாம் ஒரு ஸ்டேட், அதை அடிக்கடி யாரும் தொட மாட்டாங்க. ஹெல்த் செக், பேக்கெண்ட் சர்வீஸ், ஃபார்வர்டிங் ரூல், இன்ஸ்டன்ஸ் குரூப் (விஎம்களோட குழு) எல்லாம் இன்னொரு ஸ்டேட். ரெண்டாவது ஸ்டேட்ல யார் டெஸ்ட்ராய் அடிச்சாலும் ஐபி பத்திரமா இருக்கும்.

பிரிவென்ட் டெஸ்ட்ராய் (ரிசோர்ஸை அழிக்க விடாத செட்டிங்) போட்டா போதாதான்னு கேப்பாங்க. போடுங்க, நல்லதுதான், ஆனா அந்த ரிசோர்ஸ் பிளாக்கையே ஒருத்தர் கோட்ல இருந்து தூக்கிட்டா அதுக்குள்ள இருந்த பிரிவென்ட் டெஸ்ட்ராயும் சேர்ந்துதான் போகுது, டெராஃபார்ம் எந்தத் தடையும் இல்லாம அழிச்சுடும். பூட்டு கதவோட சேர்ந்து போனா யாரைத் தடுக்கும்.

ஸ்டேட் பிரிக்கும்போது ஸ்டேட் மூவ் கமாண்ட் அடிச்சு பயந்துக்கிட்டு இருக்கத் தேவையில்ல, டெராஃபார்ம் 1.5லயே இம்போர்ட் பிளாக் வந்துடுச்சு. புது ஸ்டேட்ல இம்போர்ட் பிளாக் எழுதி பிளான்ல பார்த்துட்டே கொண்டு வரலாம், பழைய ஸ்டேட்ல இருந்து ஸ்டேட் ஆர்எம் பண்ணி விட்டுடலாம்.

---

டெராஃபார்ம்_தம்பி

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்டேஜிங்ல ஐபியை ரிசர்வ் பண்ணிட்டேன், ரெண்டாவது பிளான்ல ஃபார்வர்டிங் ரூல் வரவே இல்ல, சுத்தமா இருந்துச்சு. ஹெல்த் செக்கும் பேர் மாறிடுச்சு.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. கன்சோல்ல போய்ப் பார்த்தா பேக்கெண்ட் விஎம்கள் எல்லாமே அன்ஹெல்த்தின்னு சிவப்பா காட்டுது. வேடிக்கை என்னன்னா வெப்ல இருந்து ஏபிஐக்கு எல்லா ரிக்வெஸ்டும் நல்லா போகுது, பதிலும் வருது. ஒண்ணு சிவப்பு பொய்யா இருக்கணும், இல்ல டிராஃபிக் பொய்யா இருக்கணும். எப்ப இருந்து இப்படின்னு தெரியல, இதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் யாரும் பார்க்கவே இல்ல போல.

கிரான் ஜாப் விஷயமும் அப்படியேதான் இருக்கு.

---

டிசிபிடம்ப்_ரசிகன்

ரெண்டும் பொய் இல்ல ப்ரோ. இந்த வகை லோட் பேலன்ஸர்ல எல்லா பேக்கெண்டும் அன்ஹெல்த்தி ஆயிட்டா, வேற வழியில்லன்னு புது கனெக்‌ஷன்களை எல்லா விஎம்களுக்கும் பிரிச்சு அனுப்பிடும், அதுதான் அதோட டீஃபால்ட். அப்படி வேண்டாம், எல்லாம் செத்தா டிராஃபிக்கையும் நிறுத்திடுன்னு சொல்ல ஃபெயிலோவர் பாலிசில டிராப் டிராஃபிக் இஃப் அன்ஹெல்த்தின்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு இப்ப வேலை செய்யுறது அந்தக் கடைசி வழியாலதான். ஆபத்து என்னன்னா, நாளைக்கு ஒரு விஎம் மட்டும் பச்சையாச்சுன்னு வச்சுக்கோங்க, மொத்த டிராஃபிக்கும் அந்த ஒண்ணு மேல போய் விழும். இன்னொண்ணு, இப்ப ஒரு விஎம் நிஜமாவே செத்தாலும் யாருக்கும் தெரியாது, அதுக்கும் பங்கு போய்க்கிட்டே இருக்கும். இதைச் சரி பண்ணாம ப்ரொடக்‌ஷன் பக்கம் போகாதீங்க.

ஏன் சிவப்புன்னு பார்க்கலாம். பத்துல ஒன்பது தடவை ஃபயர்வால்தான். ஹெல்த் செக் உங்க சப்நெட்ல இருந்து வராது, 35.191.0.0/16 இல்ல 130.211.0.0/22ல இருந்துதான் வரும். கூகுள் விபிசில உள்ள வர்றதை எல்லாம் டீஃபால்டா மறுக்கிற ரூல் ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம இருக்கு, நீங்க வெப் சப்நெட்டுக்கு மட்டும் திறந்து வச்சிருப்பீங்க, டிராஃபிக் போகும், ஹெல்த் செக் அனுப்புற புரோப் (சோதனை பாக்கெட்) மட்டும் வாசல்லயே நிக்கும். ரெண்டு ரேஞ்சையும் சோர்ஸா வச்சு ஹெல்த் செக் போர்ட்டைத் திறங்க. டார்கெட் டேக்ல (ரூல் எந்த விஎம்களுக்குன்னு சொல்ற லேபிள்) ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதைதான், ஃபயர்வால் ரூல் இருக்கும், எந்த விஎம்க்கும் பொருந்தாது, டெராஃபார்ம் வாயே திறக்காது. அதனால நான் டேகை எல்லாம் நம்புறதில்ல, சர்வீஸ் அக்கவுண்டை (விஎம் பயன்படுத்துற கணக்கு) டார்கெட்டா குடுத்து அதையும் ரிசோர்ஸ்ல இருந்தே எடுத்துக்குவேன், தப்பா எழுதினா பிளான்லயே உதைக்கும்.

ஃபயர்வால் சரின்னா அடுத்து விஎம்க்குள்ள போங்க. இது பாஸ்த்ரூ வகைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, ஆனா நடுவுல ஒரு லோட் பேலன்ஸர்னும் சொல்றீங்க. நடுவுல ஒண்ணும் இல்ல ப்ரோ, பாக்கெட்டை வாங்கித் திருப்பி அனுப்புற பெட்டின்னு எதுவும் கிடையாது, கூகுளோட வர்ச்சுவல் நெட்வொர்க்கே எந்த விஎம்க்குப் போகணும்னு முடிவு பண்ணி நேரா கொண்டு போய் விடுது. அதனால விஎம்க்கு வந்து சேர்ற பாக்கெட்ல டெஸ்டினேஷன் ஐபி விஎம்மோடது இல்ல, லோட் பேலன்ஸர் ஐபிதான். சோர்ஸும் கிளையன்ட்டோட நிஜ ஐபிதான். ஹெல்த் செக் புரோப்பும் அதே லோட் பேலன்ஸர் ஐபிக்குத்தான் வரும். உங்க சர்வீஸ் விஎம்மோட சொந்த ஐபில மட்டும் லிஸன் பண்ணுதுன்னா அந்த பாக்கெட்டை எடுக்க ஆள் இல்ல. எஸ்எஸ் கமாண்ட் அடிச்சு எதுல லிஸன் பண்ணுதுன்னு பாருங்க, 0.0.0.0 (எல்லா ஐபிலயும்)ன்னு இருந்தா நல்லது. உங்க கேஸ்ல டிராஃபிக் போகுதுங்கிறதால பைண்ட் சரியாதான் இருக்கும், ஆனா ஹெல்த் செக்குக்கு தனி போர்ட் வச்சிருந்தீங்கன்னா அதைத் தனியா பாருங்க.

சரி, தன்னோடதே இல்லாத ஐபிக்கு வர்ற பாக்கெட்டை விஎம் ஏன் வாங்கிக்குது? கூகுளோட கெஸ்ட் ஏஜென்ட் உள்ள உக்காந்துட்டு அந்த லோட் பேலன்ஸர் ஐபியை லோக்கல் ரூட்டிங் டேபிள்ல சேர்த்து விடுது. ஐபி ரூட் ஷோ டேபிள் லோக்கல்னு அடிச்சுப் பாருங்க, உங்க லோட் பேலன்ஸர் ஐபி அங்க இருக்கும். நீங்களே இமேஜ் பில்ட் பண்ணி அதுல ஏஜென்ட்டை எடுத்து விட்டிருந்தா அந்த வரி இருக்காது, எல்லாமே செத்துடும்.

இப்ப உங்க கிரான் ஜாப்புக்கு விடை அங்கயேதான் இருக்கு. அந்த ஐபி விஎம்மோட லோக்கல் டேபிள்லயே இருக்கிறதால, அந்த விஎம்க்குள்ள இருந்து அந்த ஐபிக்குப் போறது எதுவும் வெளியவே போகாது, கெர்னலே இது நான்தான்னு எடுத்துக்கும். சர்வீஸ் ஓடுதா, ஹெல்த்தியா, எதையும் பார்க்காது. பக்கத்து விஎம்முக்கு எந்த ஜென்மத்துலயும் போகாது. இது பக் இல்ல, இந்த வகையோட அமைப்பே இதுதான். கிரான் ஜாப்பை பேக்கெண்ட்ல இல்லாத ஒரு விஎம்க்கு மாத்துங்க. இல்ல அந்த ஜாப்புக்கு தன் விஎம் பதில் சொன்னாலே போதும்னா லோக்கல்ஹோஸ்ட்னே எழுதிடுங்க, எதுக்குத் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும். ஏபிஐ விஎம்கள் ஒண்ணையொண்ணு லோட் பேலன்ஸர் வழியா கூப்பிட்டே ஆகணும்னா இந்த வகை உங்களுக்கு ஆகாது, நடுவுல தானே வாங்கித் திருப்பி அனுப்புற ப்ராக்ஸி வகைக்குப் போகணும்.

---

நீலமேகம்

இடையில வர்றதுக்கு மன்னிக்கவும், நான் அஷ்யூர் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்) ஆள். இந்த தன்னையே கூப்பிடுற விஷயம் எங்க ஊர்ல இதை விட மோசம். பேக்கெண்ட் பூல்ல இருக்கிற விஎம் இன்டர்னல் லோட் பேலன்ஸர் ஐபியைக் கூப்பிட்டா, அது வேற விஎம்க்குப் போச்சுன்னா வேலை செய்யும், திரும்ப தன்கிட்டயே வந்துச்சுன்னா டைம்அவுட். ரெண்டு விஎம் இருந்தா ஏறக்குறைய பாதி நேரம் ஓடும் பாதி நேரம் ஓடாது, இதைத் தேடுறவன் கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. எப்பவும் ஓடாததை விட சில நேரம் ஓடுறதுதான் ஆளைக் கொல்லும்.

கோட்ல எழுதும்போது அஷ்யூர்ல கவனிக்க வேண்டியது, ஹெல்த் புரோப் எல்லாம் 168.63.129.16ங்கிற ஒரே ஐபில இருந்துதான் வரும், என்எஸ்ஜில (அஷ்யூரோட ஃபயர்வால் ரூல் தொகுப்பு) அஷ்யூர் லோட் பேலன்ஸர்ங்கிற சர்வீஸ் டேகை அனுமதிச்சா போதும், ஐபியை கையால எழுதத் தேவையில்ல. ஃப்ரண்ட்எண்ட் ஐபியை ஸ்டாட்டிக்னு எழுதி நம்பரைக் குடுத்துடுங்க. எல்லா போர்ட்டும் வேணும்னா புரோட்டோகால் ஆல், போர்ட் 0ன்னு குடுத்தா அதுதான் எச்ஏ போர்ட்ஸ், ஸ்டாண்டர்ட் ரக இன்டர்னல் லோட் பேலன்ஸர்ல மட்டும்தான் கிடைக்கும். லோட் பேலன்ஸரோட பழைய பேசிக் எஸ்கேயூ (ரகம்) 2025 செப்டம்பர் 30ஓட ஓய்வு பெற்றுடுச்சு, இன்னும் கோட்ல பேசிக்னு இருக்கிறவங்க பாருங்க.

பேசிக்ல இருந்து ஸ்டாண்டர்டுக்கு மாறினவங்க எல்லாரும் ஒரு தடவை கத்துறது இதுக்குத்தான்: ஸ்டாண்டர்ட் இன்டர்னல் லோட் பேலன்ஸரோட பூல்ல சேர்த்த நிமிஷத்துல இருந்து விஎம்க்கு வெளி இன்டர்நெட் போகாது, பேக்கேஜ் அப்டேட் எல்லாம் தொங்கும். நாட் கேட்வேயை (விஎம்கள் வெளி இன்டர்நெட்டுக்குப் போற வழி) சப்நெட்ல சேர்க்கிறதையும் அதே மாட்யூல்ல எழுதிடுங்க, தனியா விட்டா மறந்துடும்.

---

பிங்கு_பாண்டி

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) பத்தியும் ரெண்டு வார்த்தை. என்எல்பில (நெட்வொர்க் லோட் பேலன்ஸர்) கிளையன்ட் ஐபி பிரிசர்வேஷன் (கிளையன்ட்டோட ஐபியை மாத்தாம விடுறது) ஆன்ல இருந்தா அங்கயும் தன்னையே கூப்பிட்டா டைம்அவுட்தான். ஏஎல்பில (அப்ளிகேஷன் லோட் பேலன்ஸர்) அந்தப் பிரச்சனை இல்ல, அது ப்ராக்ஸி. ஆனா ஏஎல்பிக்கு நிலையான ஐபி கிடையாது, டிஎன்எஸ் பேரைத்தான் பயன்படுத்தணும், ஐபி வேணும்னா என்எல்பில சப்நெட் மேப்பிங்ல பிரைவேட் ஐபியை நாமளே குடுக்கலாம். டார்கெட் குரூப்பை (பின்னாடி இருக்கிற விஎம்களோட குழு) மாத்தும்போது லிஸனர் (அந்த குழுவுக்கு அனுப்புற ரூல்) பிடிச்சிருக்குன்னு வர்ற எரர், மேல சொன்ன ஹெல்த் செக் எரரோட அண்ணன் தம்பிதான், மருந்தும் அதே கிரியேட் பிஃபோர் டெஸ்ட்ராய், அதோட நேம் ப்ரிஃபிக்ஸ் (பேரோட முன்பகுதியை மட்டும் குடுக்கிறது). ப்ரிஃபிக்ஸ்ல 6 எழுத்துக்கு மேல எடுக்காது, அதை யோசிச்சு பேர் வைங்க. என்எல்பிக்கு செக்யூரிட்டி குரூப் வேணும்னா உருவாக்கும்போதே குடுக்கணும், ஒண்ணும் இல்லாம உருவாக்கிட்டா அப்புறம் சேர்க்க முடியாது, திரும்ப முதல்ல இருந்து.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். எதுக்கு எல்லாரும் ஐபி ஐபின்னு அதையே கட்டிப் பிடிச்சிருக்கீங்க? பிரைவேட் டிஎன்எஸ்ல ஒரு பேர் வச்சு வெப் கான்ஃபிக்ல அதைக் குடுத்துட்டா ஐபி மாறினாலும் என்ன, மாறாட்டாலும் என்ன?

---

கேபிள்பூச்சி

பாண்டி, பேர் வைக்கணும்ங்கிறதுல எனக்கு சண்டை இல்ல. கான்ஃபிக்ல ஐபி நம்பர் எழுதுறதை யாரும் ஆதரிக்கல. ஆனா பேர் வச்சா ஐபி மாறலாம்ங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கிளையன்ட் பக்கம் பேரை எப்ப திரும்ப தேடும்னு உங்க கையில இல்ல. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்ல ப்ராக்ஸி பாஸ்ல (ரிக்வெஸ்டை எங்க அனுப்பணும்ங்கிற வரி) நேரா பேரை எழுதினா அது கான்ஃபிக் ஏத்தும்போது ஒரு தடவை தேடும், அப்புறம் ரீலோட் பண்ற வரைக்கும் அதே ஐபிதான், டிடிஎல் (டிஎன்எஸ் பதிலை எவ்ளோ நேரம் வச்சுக்கலாம்ங்கிறது) என்னவா இருந்தாலும் கண்டுக்காது. ரிசால்வர் (டிஎன்எஸ் சர்வர் எதுன்னு சொல்றது) போட்டு பேரை வேரியபிள்ல வச்சா திரும்பத் தேடும். ஜாவா தன் பங்குக்கு ஒரு கேஷ் வச்சிருக்கும். கனெக்‌ஷன் பூல் வச்சிருக்கிற லைப்ரரி திறந்த கனெக்‌ஷனை விடவே விடாது. ஏபிஐக்கு எத்தனை வகை கிளையன்ட் இருக்கோ அத்தனை வகையா ஐபி மாற்றம் போய்ச் சேரும், ஒண்ணு உடனே, ஒண்ணு அரை மணி கழிச்சு, ஒண்ணு அடுத்த டிப்ளாய்மென்ட்ல. அதனால ரெண்டும் வேணும், ஐபியும் அசையக்கூடாது, பேரும் இருக்கணும்.

---

பிங்கு_பாண்டி

என்ஜின்எக்ஸ் பாயின்ட் ஒத்துக்கிறேன். ஏடபிள்யூஎஸ்ல ஏஎல்பி ஐபி எப்ப வேணா மாறும்ங்கிறதால நாங்க ஆரம்பத்துல இருந்தே ரிசால்வர் போட்டுத்தான் எழுதுறோம், அந்தப் பழக்கத்துல கேட்டுட்டேன்.

---

டெராஃபார்ம்_தம்பி

டிசிபிடம்ப் அண்ணா, ஃபயர்வால்ல 35.191 இருந்துச்சு, 130.211 ரேஞ்சும் இருந்துச்சு, ஆனா போர்ட் வேற! ஹெல்த் செக் தனி போர்ட்ல இருக்கு, ஃபயர்வால்ல ஏபிஐ போர்ட் மட்டும்தான் திறந்திருந்துச்சு. இப்ப ஒரே லோக்கல் மதிப்புல இருந்து ரெண்டு இடத்துக்கும் போற மாதிரி மாத்திட்டேன், எல்லாம் பச்சை. லோக்கல் டேபிள்ல லோட் பேலன்ஸர் ஐபியும் நீங்க சொன்ன மாதிரியே இருக்கு, கண்ணால பார்த்ததும்தான் மண்டைல ஏறுச்சு. கிரான் ஜாப்பை வேற விஎம்க்கு தூக்கியாச்சு.

இப்ப விஎம்களை நானே ஒவ்வொண்ணா கவுண்ட் (எத்தனை வேணும்ங்கிற எண்ணிக்கை) போட்டு உருவாக்கி அன்மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப்ல சேர்த்திருக்கேன். இதை மேனேஜ்டுக்கு (விஎம்களை கூகுளே உருவாக்கிப் பார்த்துக்கிற குரூப்) மாத்தணுமா?

---

ஸ்டேட்ஃபைல்

மாத்துங்க. கவுண்ட்ல லிஸ்டோட நடுவுல இருக்கிற ஒரு விஎம்மை எடுத்தீங்கன்னா அதுக்கப்புறம் இருக்கிற எல்லாத்துக்கும் நம்பர் நகரும், நல்லா ஓடிட்டு இருக்கிற விஎம்களையும் சேர்த்து ரீப்ளேஸ்னு காட்டும். மாத்த நேரம் இல்லன்னா குறைஞ்சது ஃபார் ஈச்க்கு (நம்பருக்குப் பதிலா பேரை வச்சு அடையாளம் காணுறது) மாறுங்க, மூவ்டு பிளாக் எழுதினா எதுவும் அழியாம மாறிடும்.

மேனேஜ்டுக்கு போகும்போது மூணு விஷயம். ஆட்டோஸ்கேலர் (விஎம் எண்ணிக்கையைத் தானா கூட்டிக் குறைக்கிறது) வச்சா டார்கெட் சைஸை (எத்தனை விஎம் வேணும்ங்கிறது) கோட்ல எழுதாதீங்க, எழுதினா ஆட்டோஸ்கேலர் ராத்திரி 8 விஎம் ஆக்கி வச்சிருக்கும், காலைல நீங்க வேற எதுக்கோ அப்ளை அடிப்பீங்க, டெராஃபார்ம் 3ன்னு எழுதியிருக்கேன்னு பாதிக்கு மேல வெட்டிடும். ரெண்டாவது, லோட் பேலன்ஸர் ஹெல்த் செக்கையே ஆட்டோஹீலிங்குக்கும் குடுக்காதீங்க. லோட் பேலன்ஸருக்கு சீக்கிரம் தெரியணும், தப்பா விலக்கினாலும் ரெண்டு நிமிஷத்துல திரும்ப சேர்த்துக்கலாம். ஆட்டோஹீலிங் அப்படி இல்ல, விஎம்மையே அழிச்சு திரும்ப உருவாக்கும், டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானதுக்கு மொத்த குரூப்பையும் அழிச்சு அழிச்சு எழுப்பிக்கிட்டு இருக்கும். அதுக்குத் தனியா, நிதானமான இடைவெளியோட ஒரு ஹெல்த் செக் எழுதுங்க, இனிஷியல் டிலேயும் தாராளமா குடுங்க. மூணாவது, பேக்கெண்ட் பிளாக்ல பேலன்ஸிங் மோடை கனெக்‌ஷன்னு, கனெக்‌ஷன் டிரெய்னிங் நேரத்தையும் நீங்களே எழுதிடுங்க, ப்ரொவைடரோட டீஃபால்ட்டை நம்பி விடாதீங்க, வெர்ஷன் ஏத்தும்போது டீஃபால்ட் மாறினா பிளான்ல திடீர்னு சம்பந்தமில்லாத மாற்றம் வந்து நிக்கும்.

நேம்டு போர்ட் (போர்ட் நம்பருக்கு வைக்கிற பேர்) எழுதணுமான்னு கேப்பீங்க, இந்த வகை அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, ப்ராக்ஸி வகைக்குத்தான் வேணும்.

---

டெராஃபார்ம்_தம்பி

கடைசியா ஒண்ணு, ப்ரொடக்‌ஷனுக்கு எழுதப் போறேன், அதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன். அடுத்த மாசம் இதே ஏபிஐ விஎம்கள்ல யூடிபி போர்ட் ஒண்ணும் வரப் போகுது. அதே ஐபில டிசிபியும் யூடிபியும் சேர்த்து வைக்க முடியுமா, இல்ல ரெண்டு ஐபி வேணுமா?

---

டிசிபிடம்ப்_ரசிகன்

ஒரே ஐபில வைக்கலாம், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஃபார்வர்டிங் ரூல்ல புரோட்டோகாலை எல்3 டீஃபால்ட்னும் பேக்கெண்ட் சர்வீஸ்ல அன்ஸ்பெசிஃபைடுன்னும் குடுத்தா ஒரே ரூல்ல டிசிபி, யூடிபி ரெண்டும் போகும், ஆனா கண்டிப்பா ஆல் போர்ட்ஸ்தான், போர்ட் லிஸ்ட் குடுக்க முடியாது.

இன்னொண்ணு, டிசிபிக்கு ஒரு ரூல், யூடிபிக்கு ஒரு ரூல், ரெண்டும் ஒரே ரிசர்வ் ஐபியைச் சுட்டும். அதுக்கு அட்ரஸ் ரிசோர்ஸ்ல பர்ப்பஸ்னு இருக்கிறதை ஷேர்டு லோட்பேலன்ஸர் விஐபின்னு குடுத்திருக்கணும். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா நீங்க ஆரம்பத்துல கேட்ட போர்ட் பிரச்சனைக்கும் இதுவே விடை, புது போர்ட் வேணும்னா பழைய ரூலைத் தொடாம அதே ஐபில அதே பேக்கெண்ட் சர்வீஸுக்கு இன்னொரு ரூலைச் சேர்த்துட்டுப் போயிடலாம், ஒரு நொடி கூட எதுவும் நிக்காது. ரிசர்வ் பண்ண ஐபி இருந்தாலும் ரூல் ரீப்ளேஸ் ஆகும்போது அழிஞ்சு எழுற இடைவெளி ஒண்ணு இருக்கு, அதுல வர்ற புது கனெக்‌ஷன் எல்லாம் விழும், அதுவும் இதுல இல்ல.

ஆனா பர்ப்பஸை அப்புறமா மாத்தினா அட்ரஸ் ரிசோர்ஸே ரீப்ளேஸ் ஆகும், ரூல் பிடிச்சிருக்கிற ஐபியை விட்டுட்டுத் திரும்ப எடுக்கணும். ஸ்டேஜிங்ல சாதாரணமா ரிசர்வ் பண்ணிட்டீங்க, அங்க அழிச்சு ஆடிக்கலாம். ப்ரொடக்‌ஷன் அட்ரஸ் பிளாக்கை இன்னும் அப்ளை பண்ணலன்னா பர்ப்பஸ் வரியை இன்னிக்கே எழுதிடுங்க.